வரைபடத்தில் சம்பந்தி வீட்டுக் கிணறு

ஆத்தா,

இதை எழுதுவது உன் அப்பாதான். உன் அம்மாவும் எழுதவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பிடித்து எழுதவைக்கவும் இல்லை. திராட்சைப் பந்தலுக்குக் கீழே கட்டிலைப் போட்டு, பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு நானே எழுதுகிறேன். ஒரு வரி முடிந்ததும் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து அதை வாசித்துப் பார்க்கிறேன். நான் நினைத்தது அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறது, எங்கேயும் போகவில்லை. இது எனக்கு இன்னும் பழகவில்லை, ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வருகிறது. எங்களைப் போன்ற பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற மாலை வகுப்பு டீச்சர், ஒவ்வொருவரும் எழுதும் முதல் கடிதத்தைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அதனால் ஊரே இதை வாசிக்கும். வாசிக்கட்டும். எனக்குப் பொறாமைக்குணம் என்பது ஊருக்குத் தெரியாத விஷயமா என்ன?

நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன். "அப்பா, ஒங்களுக்கு இந்தச் சம்பந்தம் சம்மதமா இல்லையா? நீங்களா சொல்லாம நான் பத்திரிக்க அடிக்கக் குடுக்க மாட்டேன்" என்றாய். போனைக் காதில் வைத்தபடி நின்றேனே ஒழிய வாயில் ஒன்றும் வரவில்லை. நீயும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கடைசியில் உன் அம்மா வாங்கி, "அப்பா யோசிக்கிறாக, நீ சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிட்டாள். அன்றிலிருந்து நீ அங்கே காத்திருக்கிறாய். உன்னைக் கட்டப்போகிற பையனும் காத்திருக்கிறான். பதில் மடியில் இருக்கிறது, மெதுவாக வருகிறது. நீ கொஞ்சம் பொறுத்துக்கொண்டு வாசி.

சுவரில் வாசிப்பவர்களுக்கு அந்த வரைபடத்தைப் பற்றித் தெரியாது, அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ சென்னையில் கடற்கரையை அளக்கிற ஆபீசில் இருக்கிறாய். கடல் எங்கே மணலை அரித்தது, அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டியது என்று பார்ப்பது உன் வேலை. அதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் அளந்து வரைந்த ஒரு பழைய வரைபடத்தைத் தேடி எடுத்தாய். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மணல் தீவு. மேற்கே ஏரி, கிழக்கே கடல், நடுவில் யாரோ போட்டுவிட்டுப் போன கயிறு மாதிரி அது கிடக்கிறது. நான் எழுத்துக் கூட்டப் பழகுகிறேன் என்று தெரிந்ததும், அதில் இங்கிலீஷ் எழுத்து இருந்த இடத்திலெல்லாம் பென்சிலால் தமிழில் எழுதி ஒரு நகல் அனுப்பினாய். வகுப்பில் எல்லாரும் அரிச்சுவடி வைத்துப் படித்தபோது நான் ஒரு தீவை வைத்துப் படித்தேன். புள்ளி என்றால் மணல். குட்டி மரம் என்றால் பனை. நீல வட்டம் என்றால் கிணறு. மலை என்று ஒரு கோடுகூட அதில் கிடையாது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பழைய வரைபடத்தையும் பிறகு கொடுத்தாயே, அதில் மலையெல்லாம் கைநாட்டு வைத்த மாதிரி வரிவரியாக இருந்தது. இந்தத் தீவில் கைநாட்டு வைக்க இடமே இல்லை. மலை இல்லாத ஊரில் மனிதர்கள் எதைப் பார்த்துக்கொண்டு பல் விளக்குவார்கள் என்று உன் அம்மாவிடம் கேட்டேன்.

யார் உதவியும் இல்லாமல் நான் முழுதாக வாசித்த முதல் வரி அந்த வரைபடத்தில்தான் இருக்கிறது. "கிணறு, நல்ல தண்ணீர்." அதை வாசித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரை வரைக்கும் சொல்லிக்கொண்டே நடந்தேன். எதிரே வந்தவரிடமெல்லாம் சொன்னேன். ஏதோ போர் போட்டுத் தண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒருவர் கை கொடுத்தார். அது யார் வீட்டுக் கிணறு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு வரியிலிருந்து ஆரம்பித்திருப்பேன்.

பிறகு நீ அந்த வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு படகில் போனாய். போய்விட்டு வந்து போனில் மூச்சு விடாமல் பேசினாய். கடல் உள்ளே வரும் முகத்துவாரம் வேறு இடத்துக்குப் போய்விட்டது, ஊர் நகர்ந்துவிட்டது, மணல் மேடு கரைந்துவிட்டது, வரைபடத்தில் இருப்பது ஒன்றுகூட இருந்த இடத்தில் இல்லை, அந்தக் கிணறு மட்டும் போட்ட இடத்தில் அப்படியே இருக்கிறது என்றாய். அதற்குப் பக்கத்தில் ஒரு வீடு. அந்த வீட்டுப் பையன் அங்கேயே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அடுத்த மாதமும் போனாய், அதற்கடுத்த மாதமும் போனாய். ஒரு கிணற்றை அளக்க எத்தனை தடவை போக வேண்டும் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஆத்தா. நல்ல பையன், போட்டோவில் பார்த்ததும் தெரிந்தது. எனக்கு அந்தக் கிணற்றின் மேல்தான் எரிச்சல். அதை வெட்டியது அவன் அப்பாவின் தாத்தா என்றும், நீ கொடுத்த வரைபட நகலுக்கு அவன் அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார் என்றும் நீ சொன்னாய். அதைச் சொல்லும்போது உன் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. நம் பள்ளத்தாக்கின் வரைபடத்தை எடுத்து விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நம் ஊர்ப் பக்கம் பூராவும் தேடினேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

"என்ன தேடுறீக?"

"நம்ம கெணறு."

"நம்ம கெணறு நீங்க வெட்டுனதுதான? இந்தப் படம் போட்டப்ப நீங்க பொறக்கவே இல்ல. வெள்ளக்காரன் எப்பிடிப் போடுவான்?"

"எடமாச்சும் விட்டு வச்சிருக்கலாம்ல."

"நல்லா வந்துச்சு பேச்சு. அந்த மனுசன் அவுக தாத்தா கெணத்தச் சொல்றாக. ஒங்களுக்கு எதுக்கு இம்புட்டு வயித்தெரிச்சல்?"

அவளுக்கு என்ன, அவளிடம் நீ தினமும் பேசுகிறாய். எனக்கு இது புதிதாக வந்த வியாதியும் இல்லை. உனக்கு நினைவிருக்காது, வீரபாண்டித் திருவிழாவில் ஒரு தடவை நீ கூட்டத்தில் கை நழுவிப் போய்விட்டாய். உன் அம்மா அழுதுகொண்டு கோயில் வாசலுக்கு ஓடினாள், நான் ஆற்றுப் பக்கம் ஓடினேன். கடைசியில் பார்த்தால், ஒரு பலூன்காரர் தோளில் நீ உட்கார்ந்திருக்கிறாய். ஒரு கையில் பஞ்சுமிட்டாய், இன்னொரு கையில் அவர் தலைமுடி. பிள்ளையைக் காணோம் என்று யாராவது வந்தால் கண்ணில் படட்டும் என்று அந்த மனிதர் உன்னை உயரத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் போய் உன்னை இறக்கி வாங்கினேன். நீ என்னிடம் வர மாட்டேன் என்று அவரைப் பார்த்துக் கையை நீட்டி அழுதாய். அவர் காலில் விழுந்திருக்க வேண்டியவன், "குடுய்யா பிள்ளைய" என்று பிடுங்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு நம் வீட்டுக்குப் பலூனே வாங்கியதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, அது உன்னை விட்டுவிட்டு இன்னொருவர் தோளில் சிரித்தால், உனக்கும் வயிறு எரியும். எரிந்தால் தப்பில்லை. பலூன் மட்டும் வாங்கிக் கொடுத்துவிடு.

இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. நம் பக்கத்தில் காலங்காலமாக இருக்கிற காரணத்தையே சொன்னேன். தண்ணீர் சரியில்லாத ஊருக்குப் பெண் கொடுப்பதில்லை. சுற்றிலும் உப்பு, நடுவில் மணல், அங்கே எங்கிருந்து நல்ல தண்ணீர் வரும்? வரைபடத்தில் எழுதினால் ஆயிற்றா? என் பெண் பெரியாற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள், உப்புத் தண்ணீரில் சோறு பொங்க மாட்டாள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். அப்படியானால் நேரிலேயே போய் வீடு பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று உன் தாய்மாமன் சொல்லிவிட்டார்.

புறப்படும்போதே அவர் எச்சரித்தார். "மாப்ள, அங்கன போயி பேசி முடிக்கிற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படக் கூடாது. பட்டுச்சுன்னா பொண்ணு குடுத்த மாதிரி. முடிஞ்சதுக்கப்பறம் கடலையே குடிங்க." முறை தெரிந்தவர். வீட்டிலிருந்து ஒரு கேன் தண்ணீர் பிடித்து, அதைக் கைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் பஸ்ஸில் வழி நெடுக போர்டுகளை வாசித்துக்கொண்டு வந்தேன். ஊர்ப் பெயர், ஓட்டல் பெயர், "இங்கு பஞ்சர் ஒட்டப்படும்", "நெருங்கி வராதே" என்று ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் உன் அம்மாவுக்கு உரக்கச் சொன்னேன். "நானும் படிச்சவதான், சாமி, எனக்கும் கண்ணு இருக்கு" என்று அவள் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். அந்தப் பயணத்தில் எனக்கு அந்தச் சந்தோஷம்தான் மிச்சம்.

படகை விட்டு இறங்கியதும் சம்பந்தி கரைக்கே வந்து நின்றார். என் வயசுதான் இருக்கும். ஆனால் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார். எங்களுக்கு முன்பே சென்னையிலிருந்து வந்துவிட்ட நீ அவருக்குப் பக்கத்தில் நின்றாய். வீட்டுக்குள் போனதும் சாமி படங்களுக்கு நடுவில் அந்த வரைபடம் மாட்டியிருந்தது, பூவும் போட்டிருந்தார்கள். நீ முன்கூட்டியே நம் முறையைச் சொல்லி வைத்திருந்ததால் யாரும் தண்ணீரோ காப்பியோ நீட்டவில்லை. எல்லாரும் வெறும் வாயோடு உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசினோம். அவர் மட்டும் வரைபடத்தைப் பற்றிப் பேசினார்.

"இன்னா சம்மந்தி, அப்டியே பாத்துங்கிறீங்க? அந்த வட்டம் கீதே, அதான் எங்க தாத்தா வெட்ன கெணறு. வெள்ளக்காரன் வந்து தண்ணி குட்ச்சிப் பாத்துட்டுத்தான் மேப்புல போட்டான். சும்மா போட்ருவானா?"

"எங்க பக்கம் வாய்க்காலே போட்ருக்கான்" என்றேன்.

"வாய்க்கா கவர்மெண்ட்டோடது சம்மந்தி. இது எங்களுது."

உன் மாமன் என் தொடையைக் கிள்ளினார். அப்போது நீ வரைபடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, பழைய முகத்துவாரம் எது, இப்போது எது என்று விரலால் காட்டினாய். நீ பாதி சொன்னதும் மீதியை அவர் சொன்னார். "ஆமா நைனா, அங்கதான்" என்று நீ தலையாட்டினாய். அந்த வீட்டில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அதனால் உன் வாயிலும் வந்துவிட்டது. அந்தப் பக்கம் அப்பாவை அப்படிக் கூப்பிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். நான் கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து கொல்லைப் பக்கம் போனேன்.

கிணறு அங்கேதான் இருந்தது. நான் என்னவோ ஏதோவென்று நினைத்திருந்தேன். படியில்லை, ஏற்றமில்லை. மணலில் இரண்டு மூன்று சிமெண்ட் உறை இறக்கியிருக்கிறது, அவ்வளவுதான். குனிந்தால் கைக்குத் தண்ணீர் எட்டுகிறது. கொஞ்சத் தூரத்தில் அலைச் சத்தம் கேட்கிறது. இதற்கா கண்ணாடிச் சட்டம், இதற்கா பூ என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. இது உப்பாகத்தான் இருக்கும், இப்போதே போய்ச் சபையில் சொல்லிவிடலாம் என்று ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். உப்பில்லை. நாக்கு தப்பாகச் சொல்கிறதோ என்று இன்னொரு கை அள்ளினேன். பிறகு இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். தலையைத் தூக்கினால் உன் மாமியார் விறகோடு நிற்கிறார்.

"அய்யய்யோ, வாங்களேன்! பொண்ணோட அப்பா தண்ணி குட்ச்சிட்டாரு!"

வீடே கொல்லைக்கு வந்துவிட்டது. யாரோ சர்க்கரைத் தட்டோடு வந்தார்கள். சம்பந்தி என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு குலுக்கினார். உன் மாமன் தண்ணீர்க் கேனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கம்பத்துல இருந்து சொமந்துட்டு வந்தேனே, இத எந்தக் கடல்ல ஊத்த?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். உன் அம்மா சிரித்தாளா அழுதாளா என்று இன்னும் எனக்குத் தெரியாது. நீ மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக வந்து, "தாகமாப்பா?" என்று கேட்டாய். "ஆமா தாயி" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். தாகத்துக்குக் குடிக்கவில்லை என்று உனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நீ எல்லார் பக்கமும் திரும்பி, "அப்பாவுக்குத் தாகம், அதான் குடிச்சாக. அது சம்மதம் ஆகாது. அவுக மனசுல பட்டதச் சொல்லட்டும், அதுவரைக்கும் யாரும் சர்க்கரை குடுக்காதீங்க" என்றாய்.

தட்டு உள்ளே போய்விட்டது. சம்பந்தி கையை விட்டார். அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நீ பேசாமல் இருந்திருந்தால் உன் காரியம் அந்த நிமிஷமே முடிந்திருக்கும், ஆத்தா. ஊரும் உறவும் சாட்சி, நான் மறுத்துப் பேசியிருக்க முடியாது. கையில் கிடைத்ததை நீயே எடுத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாய். படகு நகர்ந்த பிறகும் நீ கரையில் நின்றுகொண்டிருந்தாய். நானும் திரும்பிப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து, நீ போனில் அப்படிக் கேட்ட பிறகு யோசித்தேன். நம் ஊர் வயல்களுக்கு முறை வைத்து மடை திறந்துவிடுகிற வேலையை இத்தனை வருஷம் பார்த்தவன் நான். உன் வயலில் தண்ணீர் ஏறியாச்சு, அவன் வயலில் இன்னும் ஏறவில்லை என்று நான் சொன்னால் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். சொந்தத் தம்பியே கோபித்துக்கொண்டு போனபோதும் தண்ணீர் விஷயத்தில் நான் மாற்றிச் சொன்னதில்லை. இப்போதும் சொல்ல முடியாது. அந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். நம் தண்ணீர் மாதிரி இல்லை, கொஞ்சம் சப்பென்று இருக்கிறது, ஆனால் நல்ல தண்ணீர். அதை ஒத்துக்கொண்டதும் என்னிடம் இருந்த காரணம் போய்விட்டது. மிச்சம் இருப்பது பொறாமை மட்டும்தான். உப்பு என்று சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். என் மகள் இன்னொரு மனிதர் பேச்சைக் கண்ணை விரித்துக்கொண்டு கேட்கிறாள், அதனால் பெண் தர மாட்டேன் என்று எந்த மரத்தடியில் போய்ச் சொல்வது?

அதனால் எழுதுகிறேன். எனக்குச் சம்மதம். இதைத் தண்ணீர் குடித்த வாய் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இந்த ஒரு வார்த்தையை வேறு தாளில் நாலைந்து தடவை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இதில் எழுதினேன். நீ பத்திரிகை அடிக்கக் கொடு.

பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. அது சாப்பிட்டுவிட்டு இங்கேதான் படுத்திருக்கிறது. உனக்கு அப்பாவாக ஒன்றிரண்டு சொல்கிறேன். அந்த வீட்டில் அவர் பெருமை பேசும்போது நடுவில் திருத்தாதே, பேச விடு. தாத்தா வெட்டிய கிணற்றைத் தவிர அவருக்குக் கடல் வேறு எதையும் விட்டுவைக்கவில்லை. நைனா என்றே கூப்பிடு, வாயில் வந்ததை மாற்ற வேண்டாம். ஆனால் நான் பக்கத்தில் இருக்கும்போது கொஞ்சம் மெதுவாகக் கூப்பிடு. மாப்பிள்ளை எதிலாவது உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டால், அதை அவர் வாயாலேயே சொல்லவை. சொல்லிவிட்டால் பாதி குறைந்துவிடுகிறது, இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது.

கல்யாணம் நம் பக்கத்தில்தான். இதில் பேச்சே கிடையாது. அவர்கள் எல்லாரும் பஸ் பிடித்துக் கம்பத்துக்கு வரட்டும். தாலி கட்டி முடிந்த மறுநாள் சம்பந்தியை ஜீப்பில் ஏற்றி லோயர் கேம்ப்புக்குக் கூட்டிப் போவேன். கரண்ட் எடுப்பதற்காகப் பெரியாற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் அந்தப் பெரிய குழாய்கள் மலை உச்சியிலிருந்து இறங்குவதையும், கீழே தண்ணீர் வெள்ளையாகப் பாய்ந்து வெளியே வருவதையும் அவர் பார்க்கட்டும். அவ்வளவு தண்ணீரை அவர் ஒரே இடத்தில் உப்பில்லாமல் பார்த்திருக்க மாட்டார். பேசிக்கொண்டே வந்த மனிதர் அங்கே வாயை மூடிவிடுவார் என்று நினைக்கிறேன். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், பக்கத்தில் சும்மா நிற்பேன். நீ அப்போது எங்கள் இரண்டு பேரில் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறாய் என்று நான் கவனிக்க மாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். எழுத வரவில்லை, ஆத்தா. கவனிப்பேன்.

உன் அப்பா